பையை யார் அடுக்குவது?

ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின இரவு. ஒன்பதரை மணி இருக்கும். மகளின் புதுப் பையைத் தரையில் வைத்து நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கனமானவை முதுகை ஒட்டி, நோட்டுகள் அதற்கு முன்னால், ஜியாமெட்ரி பாக்ஸ் முன்பக்க ஜிப்பில், தண்ணீர் பாட்டில் பக்கவாட்டில். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜிப்பை இழுத்து மூடியதும் கேட்டாள்: "நாளைக்கு கிளாஸ்ல ஸ்கேல் எங்க இருக்குன்னு தெரியலைன்னா உனக்கு போன் பண்ணணுமாம்மா?"

கிண்டல்தான். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த விடுமுறை முழுக்க அவளுடைய உயர்நிலைப் பள்ளிக்காகத் திட்டம் போட்டவள் நான். கணக்கில் முதல் மூன்று பாடங்களை முன்கூட்டியே நடத்தியாகிவிட்டது. அட்டை போட்ட நோட்டுகள், பெயர் எழுதிய லேபிள்கள், எல்லாம் தயார். அலமாரிக் கதவில் நான்கு வண்ணத்தில் எழுதிய தினசரி அட்டவணைகூட ஒட்டியாகிவிட்டது. அத்தனையிலும் அவள் கை பட்டது ஒன்றுகூட இல்லை. 'மாலை 5 முதல் 7 வரை படிப்பு' என்று பச்சை மையில் எழுதியிருந்தேனே, அதை அவள் ஒரு தடவையாவது நின்று படித்திருப்பாளா என்பதே சந்தேகம்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த வருடம் சின்னவன் அதே வாசலில் போய் நிற்கப்போகிறான். தெரிந்தவர்கள் சிலர் "பெரியவளை எப்படித் தயார் பண்ணினே?" என்று கேட்கிறார்கள். நான் தயார் பண்ணிய விதம் தப்பு என்பதிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

உயர்நிலைப் பள்ளி எந்த வயதில் தொடங்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 11 வயதிலேயே பெரிய பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் 14. ஜப்பானில் 15. வயது எதுவானாலும் எல்லா இடத்திலும் நடப்பது ஒன்று உண்டு. பிள்ளையை முழுசாகத் தெரிந்த ஒரு பெரியவர் அதுவரை பள்ளியில் இருந்தார். இனி இருக்க மாட்டார். கீழ் வகுப்பில் ஒரே டீச்சர் நாள் முழுக்கப் பார்ப்பார். இவள் நேற்று அழுதாள், இவனுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். பெரிய பள்ளியில் ஏழு ஆசிரியர்கள் வருகிறார்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொருவரும் பிள்ளையில் ஏழில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறார்கள்.

கணக்கு ஆசிரியர் வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைக்கிறார். அதே வெள்ளிக்கிழமைதான் அறிவியல் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மொழிப்பாட ஆசிரியருக்கு இரண்டுமே தெரியாது. இந்த ஏழு பேர் தரும் வேலைகளையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்து, இந்த வாரம் எது முந்தி எது பிந்தி என்று கூட்டிக் கழிக்க ஒரு ஆள் வேண்டும். முன்பு அந்த வேலையை வகுப்பு ஆசிரியர் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த நாற்காலி காலி. பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ அப்பாவோ ஓடிப்போய் அதில் உட்கார்ந்துவிடுகிறோம். நான் உட்கார்ந்தேன். பிள்ளை எழுந்து வந்து உட்கார வேண்டிய இடம் அது என்று எனக்குப் புரிய ஒரு பருவம் ஆனது.

ஜாக்குலின் எக்லெஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலிருந்தே இதைப் பற்றி எழுதிவருகிறார். பிள்ளைகள் 'நானே முடிவு செய்கிறேன்' என்று கேட்கத் தொடங்கும் வயதில்தான் பெரிய பள்ளி அவர்களை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார் அவர். விதிகள் கூடுகின்றன, ஒப்பீடு கூடுகிறது, ஆசிரியரோடு இருந்த நெருக்கம் குறைகிறது. வயதுக்கும் இடத்துக்கும் பொருந்தாமல் போவதுதான் சிக்கல். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்பது அவருடைய வாதம். படித்தபோது எனக்குப் பாதி ஆறுதலாகவும் பாதி குற்றவுணர்வாகவும் இருந்தது. பள்ளி ஒரு பக்கம் இறுக்க, வீட்டில் நான் பச்சை மையில் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

சரி, முதல் வருடம் அவ்வளவு முக்கியமா? பெரிய பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது, சிகாகோ ஆய்வுகளைப் படிக்கும் வரை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் அந்த நகரத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2005-இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். முதல் வருடத்தில் போதுமான பாடங்களில் தேறி, முக்கியப் பாடங்களில் அரையாண்டுத் தோல்வி ஒன்றுக்கு மேல் போகாத பிள்ளைகளை 'தடத்தில் இருப்பவர்கள்' என்று வைத்துக்கொண்டார்கள். தடத்தில் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் நான்கு வருடத்தில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

2007-இல் அதே குழு எழுதிய இன்னொரு அறிக்கைதான் என்னை உலுக்கியது. ஒன்பதாம் வகுப்பில் யார் பாடத்தில் தவறுவார்கள் என்பதை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சொல்வதைவிட, ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவை வைத்து எட்டு மடங்கு நன்றாகச் சொல்லிவிடலாமாம். ஒரு பருவத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாலே, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் ஆபத்து கூடியது. காரணம் எளிது. கீழ் வகுப்பில் இரண்டு நாள் போகவில்லை என்றால் மூன்றாம் நாள் டீச்சரே பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பார். இங்கே ஏழு பேரிடம் தனித்தனியாகப் போய் 'என்ன விட்டுப்போச்சு' என்று கேட்க வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் இருக்கும்?

அது சிகாகோ, அவர்கள் முறை வேறு என்பது உண்மைதான். ஆனால் அடிப்படையில் ஒரு விஷயம் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். விடுமுறையில் மூன்று பாடம் முன்கூட்டிப் படிப்பதைவிட, முதல் பத்து வாரம் ஒரு நாளும் விடாமல் போவது பெரிது. கல்யாணம், காதுகுத்து, பயணம் எதுவாக இருந்தாலும் அந்தப் பத்து வாரத்துக்கு வெளியே தள்ளிவையுங்கள். இதைச் சொன்னால் உறவுக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

என் அட்டவணை இரண்டாவது வாரமே கிழிந்தது. யாரும் கிழிக்கவில்லை, அலமாரிக் கதவைத் திறந்து மூடித் தானாகவே ஒரு ஓரம் தொங்கத் தொடங்கியது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொரு தாளை ஒட்டினோம். இந்தத் தடவை அவளும் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'அம்மா', வலப்பக்கம் அவள் பெயர். அவளுடைய பள்ளிக்காக நான் செய்யும் வேலைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் இடப்பக்கம் எழுதினோம். பை அடுக்குவது. டைரி பார்ப்பது. டெஸ்ட் தேதியை ஞாபகப்படுத்துவது. கையெழுத்து வேண்டிய தாளைத் தேடி எடுப்பது. காலையில் எழுப்புவது. சீருடையை எடுத்துவைப்பது. பேனாவுக்கு ரீஃபில் மாற்றுவது. உடம்பு சரியில்லாத நாளில் தோழியின் அம்மாவுக்கு போன் பண்ணி வீட்டுப்பாடம் கேட்பது. 19 வந்தது. வலப்பக்கத்தில் எழுத இரண்டுதான் இருந்தன: பள்ளிக்குப் போவது, பரீட்சை எழுதுவது.

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாதத்துக்கு இரண்டு வேலை வலப்பக்கம் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். எதை முதலில் எடுப்பது என்பதை அவளே சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனை: வலப்பக்கம் போன வேலையை நான் திரும்பத் தொடக் கூடாது. அவள் மறந்தாலும் தொடக் கூடாது. இதில் கஷ்டம் முழுக்க எனக்குத்தான். முதலில் போனது பை. மூன்றாவது நாளே ஒரு நோட்டு சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. பள்ளி வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடினால் கொடுத்துவிடலாம். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். மாலையில் வந்து, "சார் வெளியில நிக்க வச்சுட்டாரு" என்றாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, புகார் இல்லை. அன்றிரவு மேஜையை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டுப் படுத்தாள். இன்றுவரை அந்தச் சுற்று உண்டு.

இதை எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திட்டமிடுவது என்றால் என்ன என்பதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வரைபடத்தில். சமூக அறிவியலில் ஒரு புராஜெக்ட்: ஒரு ஆற்றின் பாதையைப் பெரிய சார்ட்டில் வரைந்து, கரையில் உள்ள ஊர்களையும் தொழில்களையும் குறிக்க வேண்டும். 24-ஆம் தேதி கொடுக்க வேண்டும். அவள் டைரியில் 23-ஆம் தேதிக்கு நேராக 'மேப்' என்று எழுதிவைத்திருந்தாள். ஒரே சொல்.

"23 அன்னிக்கு என்ன பண்ணுவே?"

"வரைவேன்."

"வரையறதுக்கு முன்னாடி என்ன வேணும்?"

"சார்ட்."

"அது எப்ப வாங்கணும்?"

அவள் பதில் சொல்லவில்லை. தாளை எடுத்து 24-இலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்கினாள். 23 சும்மா இருக்கட்டும், ஏதாவது சொதப்பினால் தேவைப்படும். 22 வண்ணம். 20, 21 வரைவது. 19 பென்சிலில் எல்லைக்கோடு. 17-க்குள் ஊர்களின் பட்டியல், அதற்கு நூலகம், நூலகம் செவ்வாயும் வியாழனும்தான் இவள் வகுப்புக்குத் திறந்திருக்கும். ஆக 15-ஆம் தேதி வியாழன். அன்று தேதி 14. "அப்படின்னா நாளைக்கேவா?" என்றாள், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு பிடிபடுவதில்லை. டேனியல் கானிமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், திட்டமிடல் பிழை என்று. 1994-இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் என்று தனியாகக் கேட்டபோதும் அவர்கள் சொன்னது 49 நாள்தான். கல்லூரியை முடிக்கப்போகிறவர்களே இப்படி என்றால், பதினான்கு வயதுப் பிள்ளை 23-ஆம் தேதியில் 'மேப்' என்று எழுதுவதில் என்ன ஆச்சரியம்? இதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வரும் பழக்கத்தை நாலைந்து தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், பிறகு அவர்களே செய்கிறார்கள். என் மகள் இப்போது என்னுடைய பயணத் திட்டத்தில்கூட 'சும்மா இருக்கட்டும்' என்று ஒரு நாளைச் சேர்க்கிறாள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்ன அளவு. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது என்பதை மேரி கார்ஸ்கடன் போன்ற தூக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரவு பத்தரைக்கு 'தூக்கம் வரலை' என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. கலிஃபோர்னியா 2019-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாக்கி 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் பிள்ளையின் பள்ளி மணியை நம்மால் மாற்ற முடியாது. போனை இரவு எங்கே வைப்பது என்பதைப் பேசி முடிவு செய்யலாம். எங்கள் வீட்டில் நால்வர் போனும் கூடத்தில்தான் சார்ஜ் ஆகிறது. 'நால்வர்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். பிள்ளைகளுக்கு மட்டும் விதி போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை.

படிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பிள்ளைகளிடம் பெரிய பள்ளியில் எது பயம் என்று கேட்டால் படிப்பு மூன்றாவதோ நான்காவதோதான் வரும். மதிய இடைவேளையில் எங்கே உட்காருவது என்பதுதான் முதல் கேள்வி.

இதை நான் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவளுடைய பழைய தோழிகள் இருவரும் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். முதல் மூன்று வாரம் இவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே சாப்பிட விட மாட்டார்கள் என்பதால் படிக்கட்டு. ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு மிச்ச நேரத்தைப் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் கழித்திருக்கிறாள். அந்த மூன்று வாரமும் நான் மாலையில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, "இன்னிக்கு என்ன நடத்தினாங்க?"

"ம், நடத்தினாங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னாள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டால் வராதது, இரண்டு பேர் கையிலும் வேலை இருக்கும்போது வந்துவிடுகிறது. நான் துணியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்திருந்தால் நிறுத்தியிருப்பாள்.

அந்தப் படிக்கட்டிலிருந்து அவளை எழுப்பியது நானில்லை. அந்தப் பள்ளியிலேயே மேல் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் படிக்கட்டில் இவளைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு மாசம் இங்கதான் உட்கார்ந்திருந்தேன், தெரியுமா?" என்றிருக்கிறாள். அவ்வளவுதான் சொன்னாள். வா, போ, கவலைப்படாதே என்று ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இவளுக்கு அந்த இடம் தண்டனையாகத் தெரியவில்லையாம். அடுத்த வாரம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு போய் உட்கார்ந்துவிட்டாள்.

இது எங்கள் வீட்டு அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், ஜெஃப்ரி போர்மன் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதையே ஆய்வாகச் செய்து 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், முந்தைய வருடத்து மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எனக்கும் இங்கே ஒட்டவில்லை, பரீட்சை பயமாக இருந்தது, போகப்போகச் சரியாகிவிட்டது என்கிற மாதிரி. படித்துவிட்டுப் பிள்ளைகள் தங்கள் எண்ணத்தைச் சில வரிகள் எழுத வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை, கொஞ்ச நேர வேலை. அந்தப் பிள்ளைகளிடம் விடுப்பும் குறைந்தது, தோல்வி மதிப்பெண்ணும் குறைந்தது. பெரிய பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நீங்கள் ஒரே ஒரு ஏற்பாடு செய்ய முடியும் என்றால், அங்கே இரண்டு வருடம் மூத்த ஒருவரோடு அரை மணி நேரம் பேசவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். கழிப்பறை எந்தப் பக்கம், எந்த சார் கோபக்காரர், எந்த மாடிப்படியில் நெரிசல் என்பதெல்லாம் நம்மிடம் இல்லாத சரக்கு.

நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தில் அறிவியலில் மதிப்பெண் குறைந்தது. 50-க்கு 29. விடைத்தாளைப் பார்த்தால் ஒரு கேள்விக்குப் படம் சரியாக வரைந்தும் மூன்று மார்க் போயிருக்கிறது. நான் அவளிடம் சொல்லாமலேயே ஆசிரியருக்கு போன் செய்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மறுநாள் வகுப்பில், "உங்க அம்மா பேசினாங்க, உன் படத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு நாள் இவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அது அந்தத் தாள்ல எந்தப் பக்கம் இருக்கு? உன் பக்கமா, என் பக்கமா?" என்று கேட்டாள்.

'ஆசிரியரிடம் பேசுவது' என்று எங்கள் பட்டியலில் ஒரு வரியே இல்லை. அன்றுதான் சேர்த்தோம், நேராக வலப்பக்கத்தில். அடுத்த தடவை கணக்கில் குறைந்தபோது சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். நான்தான் சார். "எனக்கு ஏன் மார்க் குறைச்சீங்க?" என்று தொடங்கினாள். அதைச் 'சார், இந்த ஸ்டெப்ல நான் எங்க தப்பு பண்ணேன்? அடுத்த தடவை எப்படி எழுதணும்?' என்று மாற்றினோம். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போகிற கூட்டத்தில் கேட்காதே, ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் எப்போது வரலாம் என்று முதலில் கேள் என்பது அவள் அப்பாவின் ஆலோசனை. போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவாள் என்று நினைத்திருக்கிறாள். அவர் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தாராம். மார்க் கூடவில்லை.

பாடத் தேர்வு பற்றியும் கேட்கிறார்கள். ஒன்பதிலேயே டாக்டரா இன்ஜினியரா என்று முடிவெடுக்கத் தேவையில்லை. பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்று எடுக்கும் எந்த முடிவைப் பின்னால் மாற்ற முடியாது? அநேகமாக ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கணக்கில் எந்த நிலை, எந்த மொழி, சில இடங்களில் எந்த அறிவியல். அந்த இரண்டுக்கு மட்டும் மெனக்கெட்டு யோசியுங்கள், எதுவரை மாற்றலாம் என்று கடைசித் தேதியைக் கேட்டு எழுதிவையுங்கள். மற்றதையெல்லாம் பிள்ளை தன் இஷ்டத்துக்கு எடுத்துப் பார்க்கட்டும். என் கணவர் நான்கு வருடத்துக்கு எக்செல் தாள் ஒன்று போட்டார். அழகாக இருந்தது. யாரும் திறப்பதில்லை.

இனி, முன்பு பாதியில் விட்டது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகத்தில் கைமாற்ற முடியாது. படிப்பதில், எழுதுவதில், கவனத்தில் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கீழ்ப் பள்ளியில் என்னென்ன உதவி கிடைத்ததோ அது தானாகப் புதுப் பள்ளிக்கு நடந்து வராது. பரீட்சையில் கூடுதல் நேரம், முன் பெஞ்சு, பெரிய எழுத்து, எதுவானாலும் சான்றிதழ்களோடு பள்ளி திறப்பதற்கு முன்பே போய், யார் பொறுப்பு என்று பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். அது நம் வேலைதான். ஆனால் அந்தச் சந்திப்பில் பிள்ளையும் உட்காரட்டும். தனக்கு எது உதவுகிறது என்று ஒரு வாக்கியமாவது அவன் வாயால் வரட்டும்.

அதே போல, பள்ளி மாறும் வருடத்திலேயே வீடும் மாறினால், வீட்டில் ஒரு பிரிவோ இழப்போ இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ரோபர்ட்டா சிம்மன்ஸ் என்ற சமூகவியலாளரின் குழுவினர் 1980-களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துப் பிள்ளைகளிடம் பார்த்தது இதுதான். ஒரு மாற்றத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தால் மதிப்பெண்ணும் சரிகிறது, பெண் பிள்ளைகளிடம் தன்னைப் பற்றிய மதிப்பும் சரிகிறது. எங்காவது ஒரு மூலை பழையபடியே இருக்க வேண்டும். அது பாட்டு வகுப்பாக இருக்கலாம், பாட்டி வீட்டு ஞாயிறாக இருக்கலாம். 'பெரிய கிளாஸ் வந்தாச்சு, இனி விளையாட்டெல்லாம் போதும்' என்று அந்த மூலையைத்தான் நாம் முதலில் இடிக்கிறோம்.

இன்னொன்று: ஞாயிறு மாலை தவறாமல் வயிற்றுவலி, காலையில் பள்ளி என்றாலே அழுகை, சாப்பாடும் தூக்கமும் மாறிப்போவது, பிடித்தவற்றைத் தொடாமல் இருப்பது. இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பட்டியலும் கோடும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் போங்கள், பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம், தேவைப்பட்டால் மருத்துவரிடம். அந்த வேலை எப்போதும் இடப்பக்கம்தான்.

தாள் இன்னும் அலமாரிக் கதவில் இருக்கிறது. ஓரங்களில் செலோடேப் மஞ்சளாகிவிட்டது. இடப்பக்கத்து 19 வரிகளில் 17-ஐ அடித்து வலப்பக்கம் எழுதியாகிவிட்டது, சில அவள் கையெழுத்தில், சில என் கையெழுத்தில். மிச்சமுள்ள இரண்டில் ஒன்று பள்ளிக் கட்டணத் தேதி. அதற்குக் கீழே, ஆலோசனைச் சீட்டு எதிலும் வராத ஒரு வேலை அப்படியே நிற்கிறது. போன வாரம் பேனாவை எடுத்துக்கொண்டு போய், "இதையும் எடுத்துக்கறியா?" என்று கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"காலையில நீதான்மா எழுப்பணும்."